அப்பா வண்டியில் ஏறிய நாள்

சனிக்கிழமை காலையில் சிட்னி செவன் ஹில்ஸ் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் காப்பிக் குவளையோடு நிற்கும் நம் கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மீதிப் பேருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. போன மாதம் பேச்சு எப்படியோ குவைத் போருக்குப் போனது. அப்போது யார் யார் எங்கே இருந்தோம் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னீர்கள். மதுரையில் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தேன் என்றார் ஒருவர். வானத்தில் பச்சைப் பச்சையாகக் கோடு பறக்குமே, எங்களுக்கு அது தீபாவளி மாதிரி இருந்தது என்றார் இன்னொருவர். என்னையும் கேட்டீர்கள். பள்ளி மணி அடித்துவிட்டது என்று சொல்லி நழுவிவிட்டேன். மணி அடிக்கவில்லை.

அந்தப் போர் எந்த ஊரை மீட்க நடந்ததோ, நான் அந்த ஊரில் இருந்தேன். எனக்கு அப்போது பதினான்கு வயது.

அம்மா குவைத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அப்பா ஏசி மெக்கானிக். சால்மியா என்ற பகுதியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். நான் ஒரே பிள்ளை. ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் விடிந்தபோது தெருமுனையில் ஈராக் ராணுவத்தின் டாங்கி நின்றது. இரண்டே நாளில் நாடே அவர்கள் கைக்குப் போய்விட்டது. நம் ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பஸ் பிடித்துப் பாலைவனம் தாண்டி ஜோர்டானுக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் பம்பாய் போனார்கள். எங்கள் பெயரும் பட்டியலில் இருந்தது. அம்மாதான் வரவில்லை என்றுவிட்டாள்.

"வார்டுல பாதி நர்ஸ் போயாச்சு. நானும் போயிட்டா அங்க படுத்திருக்கிறவங்களை யாரு பாக்கிறது? நீங்க இவளைக் கூட்டிட்டுக் கெளம்புங்க."

அப்பா மூன்று நாள் சண்டை போட்டார். நான்காம் நாள் கட்டிவைத்த பெட்டியை அவரே பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினார். "நீ இல்லாம நான் எந்த ஊருக்குப் போய் யார் மூஞ்சில முழிக்கிறது?" என்று மட்டும் சொன்னார்.

கட்டடத்தில் முக்கால்வாசி வீடு காலி. முதல் மாடியில் ஒரு குவைத்துப் பெண் தனியாக இருந்தார். பெண்கள் பள்ளியில் அரபு மொழி கற்பித்தவர். வீட்டார் எல்லைதாண்டிப் போனபோது இவர் போக மறுத்துவிட்டாராம். எல்லோருக்கும் அவர் டீச்சர். கீழே தெருவைப் பார்த்த மூன்று கடைகளில் இரண்டு பூட்டிக் கிடந்தன. மூன்றாவது தையல் கடை. அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். ஒல்லியாக, எப்போதும் கழுத்தில் அளவு நாடாவோடு இருப்பார். அவரும் ஏன் போகவில்லை என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "அங்கையும் சண்டைதான் தங்கச்சி. மனுசியையும் பிள்ளையளையும் தம்பி வீட்டில விட்டனான். நான் இங்க இருந்து ஏதும் அனுப்பினாத்தான் அதுகள் சாப்பிடும்," என்றார்.

அப்பாவுக்கு அந்த மனிதரைக் கண்டால் ஆகாது. காரணம் இருந்தது. நகரமே கடையைச் சாத்திக்கொண்டு ராணுவத்தோடு ஒத்துழைக்க மறுத்தபோது, இவர் மட்டும் கதவைத் திறந்து வைத்துச் சிப்பாய்களின் கிழிந்த காற்சட்டைகளைத் தைத்துக் கொடுத்தார். அவர்கள் கூலியாக வெங்காயமும் அரிசியும் சிகரெட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். ரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போது அவர் வந்தால் முன்னாலும் பின்னாலும் இடம்விட்டு ஒதுங்கி நிற்பார்கள். ஒருநாள் மாடிப்படியில் அவர் அப்பாவைப் பார்த்து வணக்கம் சொன்னார். அப்பா பதில் வணக்கம் சொல்லவில்லை. "சோறு போட்ட ஊருக்கு இப்படிப் பண்றதுக்கு, பட்டினி கிடக்கலாம்," என்றார், அவர் காதுபட, என் முன்னால். தையல்காரர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அப்பாவுக்கு வேலை இல்லை. சிற்றலை வானொலி ஒன்றுதான் துணை. கார் பேட்டரியில் இணைத்து, காதை ஒட்டவைத்துக்கொண்டு லண்டன் செய்தி கேட்பார். குவைத் வரைபடம் ஒன்றைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, பென்சிலால் அம்புக்குறி போடுவார். அமெரிக்கப் படை கடல் வழியாகத்தான் வந்து இறங்கும் என்பது அவர் தீர்மானம். அதனால் கடலைப் பார்த்த அறையைப் பூட்டிவிட்டு எங்களைப் பின்பக்க அறையில் படுக்கவைத்தார். கடற்கரை முழுக்கக் குழி வெட்டிக் காத்திருந்த ஈராக் தளபதிகளும் அதையேதான் நினைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த வகையில் அப்பாவுக்குக் கூட்டு உண்டு.

ஜனவரியில் குண்டு விழத் தொடங்கியது. அந்த ஊர்க் குளிர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாலைவனக் குளிர் எலும்பைத் தேடி வரும். எங்களிடம் பம்பாயில் வாங்கிய ரஜாய் ஒன்று இருந்தது, பஞ்சு திணித்துக் கட்டம் கட்டமாகத் தைத்த கனத்த போர்வை. பளபளவென்று சிவப்பு சாட்டின் உறை போட்டது. மூன்று பேரும் அதற்குள் அடங்குவோம். குளிர் உச்சத்தில் இருந்த வாரத்தில் அது காணாமல் போனது.

"ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டேன்," என்றாள் அம்மா.

"நம்ம பிள்ளை நடுங்கறது உனக்குத் தெரியலையா?" என்றார் அப்பா. அன்று அவர் தன் ஒரே கோட்டை எனக்குப் போர்த்திவிட்டு, தினசரித் தாள்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு படுத்தார்.

இரண்டு நாள் கழித்து, அப்பா பகலில் அசந்திருந்த நேரம், அம்மா என்னிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். "என் யூனிஃபார்ம் கிழிஞ்சிருக்கு. கீழ அங்கிள்கிட்ட குடுத்துட்டு உடனே வந்துடு. பையை எங்கயும் பிரிக்காத."

பிரிக்காதே என்றால் பிரிக்கிற வயதுதான். படிக்கட்டுத் திருப்பத்தில் எட்டிப் பார்த்தேன். உள்ளே யூனிஃபார்ம் இல்லை. அறுவை சிகிச்சை அறையில் நோயாளியை மூடும் பச்சைத் துணி, மடித்து மடித்து இருந்தது.

கடைக்குள் போனால், அங்கே ஒரு சிப்பாய் முக்காலியில் உட்கார்ந்து காற்சட்டைக்குக் காத்துக்கொண்டிருந்தான். பையில் என்ன என்று அரபியில் கேட்டான். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். தையல்காரர் மிதியை நிறுத்தாமலே, "ஆஸ்பத்திரித் துணி. இவளுடைய தாய் நர்ஸ்," என்று அரபியில் சொன்னார். அவன் பைக்குள் கைவிட்டுத் துணியைத் தடவிப் பார்த்தான். பிறகு தன் பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழம் எடுத்து என் கையில் வைத்துவிட்டு, காற்சட்டையை வாங்கிக்கொண்டு போனான்.

"பிள்ளை, கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ," என்றார் தையல்காரர். சாத்தினேன். "அம்மா உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்ல அங்கிள்."

"அப்ப நானும் சொல்லேல்லை. நீங்கள் பாத்ததுதான்."

மூலையில் வியர்வை நாறும் ராணுவக் காற்சட்டைகள் இடுப்புயரம் குவிந்து கிடந்தன. மேலே இருந்த இரண்டு கையளவைத் தூக்கினார். அடியில் பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டைகளும் இடது ஓரத்தில் கறுப்புமாகக் குவைத்தின் கொடி. ஒன்றல்ல, அடுக்கடுக்காக. அந்த நாளில் வீட்டில் ஒரு கொடி இருந்தால் போதும், ஆளைச் சுட்டு வாசலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் ரஜாயின் சிவப்பு அங்கே பளபளத்தது.

"இந்த ஊத்தைக் குவியலைக் கிளற அவங்களுக்கே மனம் வராது," என்றார். "அதுக்குத்தான் அவங்கட வேலையை எடுத்தனான்."

கொடி கேட்டது டீச்சர். ராணுவம் வெளியேறும் நாளில் நகரத்தின் ஒவ்வொரு கூரையிலும் கொடி ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. பச்சையும் வெள்ளையும் அம்மா மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்தாள். கறுப்பு டீச்சருடைய அங்கிகள். சிவப்புதான் கிடைக்காமல் ரஜாய் போயிற்று.

அன்று மாலை அம்மா என்னைக் குளியலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது."

"ஏம்மா? அப்பா அவரை எவ்வளவு கேவலமா பேசறார் தெரியுமா?"

"தெரியும். அவருக்கு வயித்துல எதுவும் நிக்காது. செக்பாயின்ட்ல ஒருத்தன் அதட்டினான்னா, அவன் கேக்காததையும் சேத்துச் சொல்லிடுவார். நாலு பேர் உயிர் இது. சத்தியம் பண்ணு."

செய்தேன்.

அதன் பிறகு அப்பா அசரும் நேரமெல்லாம் நான் கடையில் இருந்தேன். கறுப்புத் துண்டு வெட்டுவது என் வேலை. அது சரிவகம்: ஒரு பக்கம் நீளம், எதிர்ப்பக்கம் குட்டை. தையல்காரர் ஒவ்வொன்றாக வரைந்து வெட்டி, இடையில் துணியை வீணாக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தால் இடைவெளியே இருக்காது என்று நான் சாக்கட்டியால் போட்டுக் காட்டினேன். பள்ளி மூடி ஆறு மாதமாகியும் கணக்கு மறக்கவில்லை என்று எனக்கே பெருமை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் நான் விசரன் மாதிரி வெட்டியிருக்கிறன்," என்று சிரித்தார். எத்தனை கொடி தைத்தோம் என்று தெரியாது. எண்ணக் கூடாது என்பது டீச்சரின் உத்தரவு. அடித்துக் கேட்டாலும் சொல்வதற்கு எண் இருக்காது அல்லவா.

பிப்ரவரி பாதியில் டீச்சர் ஒரு வாடகை வேனில் வந்து, பழைய துணி மூட்டை என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்துப் போனார். மறுநாள் அவர் வீட்டுக் கதவை ராணுவம் உடைத்தது. வீடு காலி. டீச்சரைப் பிடித்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. அம்மா அன்று சாப்பிடவில்லை என்று நினைவு.

பிறகு எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தார்கள். நண்பகலில் இருட்டியது. காயப்போட்ட துணியில் கறுப்புச் சொட்டுகள். தெருப் பூனை வெள்ளையாக இருந்தது, கறுப்பாகிவிட்டது. மூக்கைச் சிந்தினால் மசி. மின்சாரம் நின்றது, தண்ணீர் நின்றது. அம்மா ஒரு காலையில் பணிக்குப் போனவள் திரும்பவில்லை. சாலைகளை அடைத்துவிட்டார்கள். மூன்று நாள் நானும் அப்பாவும் மட்டும் குடுவைத் தண்ணீரில் அவித்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு நடைக்கூடத்தில் கிடந்தோம்.

கடைசி நாள் சண்டை எங்கள் தெருவுக்கே வந்தது. தெருமுனைக் காவல் நிலையத்தில் கொஞ்சம் சிப்பாய்கள் மிச்சமிருந்தார்கள். எதிர்க் கட்டடக் கூரைகளில் குவைத்து இளைஞர்கள் ஏறிச் சுட ஆரம்பித்தார்கள். டிவியில் கேட்கிற மாதிரி இருக்காது அந்தச் சத்தம். உங்கள் வீட்டு ஓட்டின் மேல் யாரோ இரும்புச் சட்டியைப் போட்டு அடிக்கிற மாதிரி இருக்கும். எங்கள் வரவேற்பறைக் கண்ணாடி, குறுக்காக ஒட்டிய டேப்போடு மொத்தமாக உள்ளே விழுந்தது. அப்பா என்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.  "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கொஞ்சம் ஓய்ந்தபோது, குளியலறை ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தோம். ஒரு சிப்பாய் காவல் நிலையத்திலிருந்து ஓடிவந்து தையல் கடையின் இரும்புக் கதவைக் குத்தினான். கதவு முழ உயரம் மேலே எழுந்தது. அவன் தவழ்ந்து உள்ளே போனான். சற்று நேரத்தில் அதே ஆள் வெள்ளைத் திஷ்தாஷா, அதாவது அந்த ஊர் ஆண்கள் போடும் நீள அங்கி, அணிந்து வெளியே வந்து பின்சந்துக்குள் ஓடி மறைந்தான். எதிர் ஜன்னல்களிலும் தலைகள் தெரிந்தன.

"பாத்தியா?" என்றார் அப்பா. "கடைசி நேரத்துலயும் அவனுங்களுக்குத்தான் உதவி."



மறுநாள் காலை அமைதியாக இருந்தது. அவ்வளவு அமைதி அந்த ஆறு மாதத்தில் இல்லை. பிறகு எங்கோ ஒரு கார் ஹாரன். அடுத்த தெருவில் இன்னொன்று. பள்ளிவாசல்களிலிருந்து இறைவன் பெரியவன் என்ற முழக்கம் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி ஒன்றாயிற்று. நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். புகை மூடிய வானத்தின் கீழே, எதிர்க் கூரையில் ஒரு கொடி. அதற்கடுத்த கூரையில் ஒன்று. தண்ணீர்த் தொட்டிகளில், ஆண்டெனாக்களில், பள்ளிவாசல் கோபுரத்தில், கண்ணுக்கு எட்டிய மட்டும் கொடி. பலவற்றில் அந்த மங்கிய ஆஸ்பத்திரிப் பச்சை. நான் குதித்தேன். கத்தினேன். கீழே தெருவில் பெண்கள் குலவையிட்டார்கள். அப்பா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்கேர்ந்துடி இத்தனை கொடி வந்துச்சு?" என்றார். செய்த சத்தியம் நினைவுக்கு வர, நான் அடுத்த கூரையைக் கைகாட்டினேன்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் பிக்கப் வண்டி ஒன்று வந்து எங்கள் வாசலில் நின்றது. துப்பாக்கியோடு நான்கு இளைஞர்கள். யாரோ கை காட்டினார்கள். தையல்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து, கைகளை முன்னால் சேர்த்துக் கட்டி, வண்டியின் பின்புறம் ஏற்றினார்கள். அவர் வாயில் ரத்தம்.

"கிடைக்க வேண்டியதுதான் கிடைக்குது," என்றார் அப்பா. ஆனால் குரலில் பலம் இல்லை.

நான்கு பேர் உயிருக்காகச் செய்த சத்தியம் இப்போது ஓர் உயிரை எடுக்கப் போகிறது என்று எனக்குப் புரிந்தது. மொத்தத்தையும் கொட்டினேன். ரஜாய், பச்சைத் துணி, காற்சட்டைக் குவியல், டீச்சர், சரிவகம். 

"உங்கம்மாவுமா?" என்றார் அப்பா.

"ஆமா."

"எனக்கு மட்டும் தெரியாது."

"அம்மாதான் சொல்லக் கூடாதுன்னா."

 அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படி இறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

அப்பாவுக்குத் தெரிந்தது கடைத்தெரு அரபி. வண்டிக்கு முன்னால் போய் நின்று, "ஹாதா நஃபர் ஜேன்," என்றார். இந்த ஆள் நல்ல ஆள். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

தாடி வைத்த ஒருவன்தான் அவர்களுக்குத் தலைவன். இருபத்தைந்து வயதிருக்கும், கண்கள் தூக்கமின்றிச் சிவந்திருந்தன. "இவன் ராணுவத்துக்குத் தைத்தவன். நேற்று ஒரு சிப்பாய்க்கு உடை கொடுத்துத் தப்பவிட்டான். தெருவே பார்த்திருக்கிறது," என்றான்.

அப்பா தையல்காரரிடம் தமிழில் கேட்டார். "அந்த டிரெஸ் எதுக்குய்யா குடுத்தீங்க?"

"பதினெட்டு வயசுப் பெடியன். அழுதவன். துவக்கைத் தந்தால் உடுப்புத் தாறன் எண்டனான். தந்தவன். மெஷினுக்குக் கீழ கிடக்கு. அவன் திரும்பிப் போயிருந்தால் இந்தப் பிள்ளையளைத்தானே சுட்டிருப்பான்."

அப்பா கையாலும் வாயாலும் அதை மொழிபெயர்த்தார். ஒருவன் உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்துவந்தான். அதனால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. "அவர்களுக்காக ஆயுதம் பதுக்கியிருக்கிறான்," என்றான் தாடிக்காரன். அப்பா கொடியைப் பற்றிச் சொன்னார். தன் மனைவி, ஆஸ்பத்திரி, டீச்சர் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவன் கசப்பாகச் சிரித்தான். "இன்றைக்கு யாரைக் கேட்டாலும் கொடி தைத்தேன் என்றுதான் சொல்கிறார்கள்."

வண்டியின் ஆண்டெனாவில் ஒரு கொடி கட்டியிருந்தது. நான் அதன் சிவப்புப் பட்டையைப் பிடித்துக் காட்டினேன். பள்ளியில் படித்த அரபியில், "இது எங்கள் ரஜாய். பழைய தையல் பிரித்த ஓட்டைகளைப் பாருங்கள்," என்றேன். அவன் துணியை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கட்டம் கட்டமாகப் பொட்டு வெளிச்சம். அவன் முகம் மாறவில்லை. ஆனால் யோசித்தான்.

"என் மனைவியைக் கேள்," என்றார் அப்பா.

"பொய்யாக இருந்தால்?"

 அப்பா வண்டியின் பின்கதவில் கைவைத்து, லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். தையல்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.  அதட்டினால் உளறிவிடுவார் என்று அம்மா கணித்த மனிதர் அவர். நால்வரின் துப்பாக்கிக்கும் நடுவில் உட்கார்ந்து, "போலாம்," என்றார் தமிழில். நானும் ஏறிக்கொண்டேன்.

அந்தப் பயணத்தை எப்படிச் சொல்வது? பயத்தில் நான் அப்பாவின் சட்டையை விடாமல் பிடித்திருந்தேன். ஆனால் எங்களைச் சுற்றி ஊரே பண்டிகை கொண்டாடியது. கடற்கரைச் சாலையில் எரிந்த ஓட்டல்களிலிருந்து இன்னும் புகை வந்தது. கவிழ்ந்த டாங்கிமேல் பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள். பால்கனிகளிலிருந்து பெண்கள் எங்கள்மேல் மிட்டாய் வீசினார்கள். நாங்கள் போராளிகள் என்று நினைத்தார்கள் போலும், லுங்கி கட்டிய அப்பாவைப் பார்த்துக் கையசைத்தார்கள். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்குக் கையசைத்தார். "நீங்களும் காட்டுங்க," என்று அவர் சொல்ல, தையல்காரரும் கட்டிய கைகளைச் சேர்த்துத் தூக்கினார். தெற்குப் பக்கமிருந்து, பாலைவனத்தின் வழியாக, அப்பாவின் அம்புக்குறி ஒன்றுகூடப் போகாத திசையிலிருந்து, மீட்புப் படையின் முதல் வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

மருத்துவமனை வாசலில் கூட்டம். தாடிக்காரன் உள்ளே ஆள் அனுப்பினான். அம்மா வந்தாள். ஏப்ரனில் காய்ந்த ரத்தம், கண்ணுக்குக் கீழே கருவளையம். துப்பாக்கிகளைப் பார்த்தாள், தையல்காரரின் உதட்டைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவைப் பார்த்தாள்.

"லுங்கியோடயா வந்தீங்க?" என்றாள்.

"நேரமில்லை," என்றார் அப்பா.

அவளுக்குப் பின்னால் இன்னொரு நர்ஸ் வந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளை உடை. கிட்ட வந்ததும்தான் தெரிந்தது, டீச்சர். இரண்டு வாரமாக அம்மா அவரைத் தன் வார்டிலேயே நர்ஸ் உடையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். அது எனக்கும் தெரியாது. டீச்சர் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாடிக்காரனிடம் அரபியில் பொழிந்தார். வகுப்பில் பின்பெஞ்சுப் பையனைத் திட்டுகிற அதே வேகம். எனக்குப் பாதிதான் புரிந்தது. "உன் தலைக்கு மேல் பறக்கிறதே, அதைத் தைத்த கையையா கட்டியிருக்கிறாய்?" என்றது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அவன் தலை குனிந்தான். கத்தியை எடுத்துத் தையல்காரரின் கைக்கட்டை அறுத்தான். பிறகு அந்த ஊர் வழக்கப்படி, தகப்பனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல, அவருடைய நெற்றியில் முத்தமிட்டான். மற்ற மூவரும் ஒவ்வொருவராக வந்து அதையே செய்தார்கள். கூட்டத்துக்கு விஷயம் பரவியது. யாரோ தையல்காரரைத் தோளில் தூக்கினார்கள். மருத்துவமனை ஜன்னல்களிலிருந்து கட்டுப்போட்டவர்களும் ஊன்றுகோல் பிடித்தவர்களும் கைதட்டினார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு, கிழிந்த உதட்டோடு, அவர் எல்லோர் தலைக்கும் மேலே போனார். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து டெட்டால் வாசனை வந்தது. நாங்கள் இருவரும் சத்தம்போட்டுச் சிரித்தோம்.

தோளிலிருந்து இறக்கியபோது அப்பா அவர் எதிரே போய் நின்றார்.  "அண்ணே," என்றார். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ," என்றார் தையல்காரர். "நானும் உங்களைப் பற்றி நல்லா நினைக்கேல்லைத்தான்."

இருவரும் சிரித்தார்கள். அப்பாவின் சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று.

சில வருடங்கள் கழித்து அம்மாவின் வேலை எங்களைச் சிட்னிக்குக் கொண்டுவந்தது. தையல்காரருக்கு டீச்சரே கடை வைத்துக் கொடுத்தார். அவர் மனைவி மக்களை அழைத்துக்கொண்டார். இப்போது மெல்பர்னில், கிரான்பர்னில் மகள் வீட்டில் இருக்கிறார். அம்மாவும் அப்பாவும் என்னோடு குவேக்கர்ஸ் ஹில்லில். எண்பது தாண்டியும் அப்பா அந்தக் கதையை விடவில்லை. பிறந்தநாள் விருந்தோ, நவராத்திரியோ, நான்கு பேர் கூடினால் போதும். என் மகள் "தாத்தா, யூ டோல்ட் மீ ஆல்ரெடி," என்பாள். அவர் நிறுத்த மாட்டார். வருடம் ஆக ஆகக் கதையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அவருக்குத் தொடக்கத்திலிருந்தே எல்லாம் தெரியுமாம். ரஜாயை எடுத்துப் போகச் சொன்னதே அவர்தானாம். படிக்கட்டில் திட்டியது, ராணுவம் சந்தேகப்படாமலிருக்கப் போட்ட நாடகமாம். அம்மா அந்தக் கட்டத்தில் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போன பிப்ரவரியில் நாங்கள் எல்லோரும் கிரான்பர்ன் போயிருந்தோம். அங்கேயும் அப்பா ஆரம்பித்தார். சுற்றித் தையல்கார அங்கிளின் பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டார். நாடகம் என்ற இடம் வந்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. அங்கிள் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேரன் சந்தேகத்தோடு, "ரியலி, தாத்தா? இவருக்கு முதலே தெரியுமா?" என்று கேட்டான்.

"ஓம்," என்றார் அங்கிள். "அவருக்கு எல்லாம் தெரியும்."

பிறகு தேநீர் எடுக்கச் சமையலறைக்குள் வந்தவரிடம், "ஏன் அங்கிள் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளை, அண்டைக்கு அந்தத் தெருவில எத்தினை சனம் நிண்டது. எனக்குப் பக்கத்தில ஏறி இருந்தது ஒருத்தர்தான். மிச்சக் கதையை அவர் எப்பிடிச் சொன்னாலும் எனக்குச் சரி."

சொல்லிவிட்டு, அப்பாவுக்கும் சேர்த்து இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.